மாரியோடு வரும் ஆறுமணிக் குருவி: வலசை என்றால் என்ன?

ஐப்பசி மழை இரண்டு மூன்று நாள் விழுந்து மண் ஊறியதும் திருகோணமலையில் மரம் செடி உள்ள வளவுகளில் ஒரு விசில் சத்தம் கேட்கத் தொடங்கும். இரண்டு சுரம்தான். முதலாவது மேலே ஏறும், இரண்டாவது சட்டென்று கீழே இறங்கும். விடியப் போகும் நேரத்தில் ஒன்றிரண்டு தரம், பின்னேரம் விளக்கு வைக்கும் நேரத்தில் ஒன்றிரண்டு தரம், அவ்வளவுதான். பக்கத்து வளவிலிருந்து இன்னொன்று பதில் சொல்லும், அதற்கும் அப்பால் மூன்றாவது ஒன்று. பிறகு அடங்கிவிடும். இந்தச் சத்தத்தை வருடா வருடம் கேட்டும், கத்துவது எது என்று பார்க்காமலே இருப்பவர்கள் நிறையப் பேர். அதுதான் ஆறுமணிக் குருவி. காலை ஆறு, மாலை ஆறு என்று கத்துவதால் வந்த பெயர். தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள்.

நம்மூரில் ஆறு ஏழு மாதம் இருந்துவிட்டு, சித்திரையில் காணாமல் போய்விடும். எங்கே போகிறது, ஏன் போகிறது, எப்படி வழி தெரிகிறது, அடுத்த ஐப்பசிக்கு யார் அதற்கு நாள் சொல்கிறார்கள்? பறவைகள் பருவத்துக்குப் பருவம் இடம் மாறுவதை வலசை என்கிறோம். அதைப் புத்தகத்தில் உள்ள மாதிரி உலகப்படமும் அம்புக்குறியும் போட்டு விளங்கப்படுத்தலாம்தான், ஆனால் நம் கிணற்றடியில் சருகு கிளறிக்கொண்டு நிற்கும் ஒரு குருவியை வைத்துச் சொன்னால் இன்னும் நன்றாக விளங்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஆளை அடையாளம் கண்டுகொள்வோம். மைனாவை விடச் சின்னது, பதினைந்து முதல் பத்தொன்பது சென்ரிமீற்றர் நீளம், எடை 50 கிராம் சுற்றுவட்டத்தில். வால் இருக்கிறதா இல்லையா என்று கேட்கும் அளவுக்குக் கட்டை. கால் மட்டும் நீளம், பலமானது, ஏனென்றால் இதன் சீவியம் முழுக்கத் தரையில்தான். முதுகு பச்சை. தோளிலும் வாலடியிலும் மினுங்கும் நீலம். கழுத்து வெள்ளை, நெஞ்சும் வயிறும் சந்தன மஞ்சள், வயிற்றின் அடியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரைக்கும் குங்குமச் சிவப்பு. கண்ணை மறைத்துக்கொண்டு தடித்த கறுப்புப் பட்டை, உச்சந்தலையில் இன்னொரு கறுப்புக் கோடு. பறக்கும்போது சிறகில் ஒரு வெள்ளைப் புள்ளி பளிச்சென்று தெரியும். ஹிந்தியில் இதற்கு நவரங் என்று பெயர், ஒன்பது நிறமும் இருக்கிறது என்று. ஆணும் பெண்ணும் ஒரே மாதிரித்தான் இருக்கும், பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

இவ்வளவு நிறத்தோடு இருக்கும் குருவி ஏன் கண்ணில் படுவதில்லை என்று கேட்பீர்கள். அது கீழே, நிழலில், சருகுக்கு நடுவே நிற்கிறது. மேலிருந்து பார்க்கிற பருந்துக்கும் வல்லூறுக்கும் தெரிவது பச்சை முதுகு மட்டும்தான், சிவப்பும் மஞ்சளும் வயிற்றுப் பக்கம் ஒளிந்திருக்கும். நாமும் நின்றபடி மேலிருந்துதான் பார்க்கிறோம். குந்திக்கொண்டு, சத்தம் போடாமல், சருகு சரசரக்கிற திசையைப் பார்த்தால் பெரும்பாலும் காணலாம்.

சரி, இது எந்த ஊர்க் குருவி? கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் இடத்தைச் சொந்த ஊர் என்று வைத்துக்கொண்டால் இது இந்தியக் குருவி. இமயமலையின் அடிவாரக் காடுகள், மத்திய பிரதேசம் போன்ற நடு இந்தியக் காடுகள், மேற்குத் தொடர்ச்சி மலையில் கர்நாடகம் வரை, இவ்வளவும் அதன் குஞ்சு பொரிக்கும் நிலம். மே மாதக் கடைசியிலிருந்து ஓகஸ்ட் வரைக்கும் அங்கே இருக்கும். காய்ந்த இலையும் புல்லும் வைத்து, பந்து மாதிரி உருண்டையாக, பக்கவாட்டில் ஒரு வாசல் விட்டுக் கூடு கட்டும். தரையில் கட்டும், தாழ்ந்த கிளையிலும் கட்டும். நாலைந்து முட்டை, பளபளக்கும் வெள்ளையில் கருஞ்சிவப்புப் புள்ளி. குஞ்சுகள் பறக்கப் பழகி, மழை ஓய்ந்து, காடு மெல்லக் காயத் தொடங்கும்போது புறப்பட்டுவிடும். சில தென்னிந்தியாவிலேயே தங்கிவிடும், மிச்சம் கடல் கடந்து இலங்கைக்கு வரும். இமயமலை அடிவாரத்தில் டேராடூன் பக்கத்தில் இருந்து திருகோணமலைக்கு நேர்கோடு போட்டால் ஏறத்தாழ 2,400 கிலோமீற்றர். ஏறத்தாழ ஒரு கோழி முட்டையின் எடையே உள்ள உடம்பு அந்தத் தூரத்தைக் கடந்து வந்து நம் வேலியோரம் இறங்குகிறது.

இங்கேதான் ஒரு பொதுவான எண்ணத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். வலசைப் பறவை என்றாலே குளிருக்குப் பயந்து ஓடி வருகிறது என்று பள்ளிக்கூடத்திலும் சொல்கிறார்கள், பெரியவர்களும் சொல்கிறார்கள். பறவைக்குக் குளிர் அவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை. இறகுக்குள் காற்றை அடைத்துக்கொண்டு, வயிறு நிறைந்திருக்கும் வரைக்கும் கடுங்குளிரிலும் சின்னக் குருவிகள் உயிரோடு இருக்கும். பனி விழும் நாடுகளில் இடம் மாறாமல் இருக்கும் குருவிகள் எத்தனையோ உண்டு. குளிர் செய்வது என்னவென்றால் சாப்பாட்டை இல்லாமல் ஆக்குவது. பூச்சி ஒடுங்கிவிடும், மண் இறுகிவிடும். பூச்சி தின்னும் குருவிக்கு அங்கே வேலை இல்லை. ஆக வலசை என்பது சாப்பாட்டின் பின்னால் போகும் பயணம்.

ஆறுமணிக் குருவியைப் பொறுத்தவரை அதை இன்னும் துல்லியமாகச் சொல்லலாம்: அது மழையின் பின்னால் போகிறது. அதன் சாப்பாடு என்ன என்று பாருங்கள். கறையான், எறும்பு, வண்டு, புழு, பூரான், நத்தை, மண்புழு. எல்லாம் ஈரச் சருகுக்குள்ளும் நனைந்த மண்ணுக்குள்ளும் கிடக்கிறவை. நின்று தலையைச் சரித்துப் பார்க்கும், இரண்டு தத்துத் தத்தும், சொண்டால் ஒரு சருகைத் தூக்கி எறியும், கீழே கிடப்பதைப் பொறுக்கும், கட்டை வாலை மெல்ல மேலும் கீழும் ஆட்டும், திரும்ப இரண்டு தத்து. காய்ந்த தரையில் இந்த வித்தை பலிக்காது. மண்புழு ஆழத்துக்குப் போய்விடும், நத்தை வாயை மூடிக்கொண்டு கிடக்கும்.

இப்போது இரண்டு ஊரின் மழைக் காலத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜூன் முதல் செப்ரெம்பர் வரை இந்தியாவின் நடுப்பகுதியிலும் இமயமலை அடிவாரத்திலும் தென்மேற்குப் பருவமழை. அப்போது திருகோணமலையில் என்ன? கச்சான் காற்று. தென்மேற்கிலிருந்து வரும் அதே காற்றுத்தான், ஆனால் மலைநாட்டுக்கு அந்தப் பக்கத்திலேயே மழையை இறக்கிவிட்டு, நம் பக்கம் வரும்போது வெறும் சூடாக வருகிறது. கிணறு வற்றும், புல் கருகும், சருகு அப்பளமாக நொறுங்கும். இந்த நேரம் பார்த்து ஆறுமணிக் குருவி அங்கே குஞ்சு வளர்க்கிறது. பிறகு ஒக்டோபரில் காற்றுத் திரும்பி வாடை தொடங்கும். நம் வருட மழையில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில்தான் கொட்டுகிறது. அங்கே காடு காய்கிறது, இங்கே மாரி பிறக்கிறது. குருவி அங்கிருந்து இங்கே மாறிக்கொள்கிறது. வருடத்தில் இரண்டு மழைக்காலத்தைச் சாப்பிட்டு வாழும் ஒரு உயிர் இது. எனக்கு இந்தக் கணக்கு விளங்கிய பிறகு மாரி மழையையே வேறு மாதிரிப் பார்க்கத் தொடங்கினேன்.

வாடையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது வடகிழக்கிலிருந்து வீசும் காற்று, தெற்கே வரும் குருவிக்குப் பின்னாலிருந்து தள்ளிவிடும். எதிர்க்காற்றில் பறப்பதற்கும் இதற்கும் செலவாகும் சக்தியில் பெரிய வித்தியாசம் உண்டு.

அடுத்த கேள்வி, நாள் எப்படித் தெரிகிறது? மழை தொடங்கிய பிறகு புறப்பட்டால் பிந்திவிடும், 2,400 கிலோமீற்றருக்கு அப்பால் திருகோணமலையில் மழை பெய்வது அதற்குத் தெரியவும் தெரியாது. பறவைகள் பொதுவாக நம்புவது பகலின் நீளத்தை. மழை ஒரு வருடம் முந்தும், ஒரு வருடம் பிந்தும், வெயில் கூடும் குறையும், ஆனால் பகலின் நீளம் எந்த வருடமும் ஏமாற்றாது. இதை முதன்முதல் சோதித்துக் காட்டியவர் வில்லியம் ரோவன். 1920களில் கனடாவின் கடுங்குளிரில் ஜுன்கோ என்ற சின்னக் குருவிகளை வெளியே கூட்டில் வைத்து, பொழுது பட்ட பிறகு மின்விளக்குப் போட்டு, நாளுக்கு நாள் அதை நீட்டிக்கொண்டு போனார். வெளியே உறைபனி, ஆனாலும் அந்தக் குருவிகளின் உடம்பு வசந்தம் வந்துவிட்டதென்று நினைத்து இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிட்டது. சூடு அல்ல, வெளிச்சம்தான் கட்டளை போடுகிறது என்று அதில் தெரிந்தது.

ஆனால் நம்மூரில் ஒரு சிக்கல் இருக்கிறது. டேராடூனில் வருடத்தின் நீளமான பகலுக்கும் குறுகிய பகலுக்கும் நாலு மணித்தியாலம் மட்டில் வித்தியாசம் வரும். திருகோணமலையில் அது ஏறத்தாழ ஒரு மணித்தியாலம்தான். பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால் நமக்கு மார்கழிக்கும் ஆனிக்கும் பொழுது அவ்வளவு மாறுவதில்லை. அப்படியானால் இங்கே இருக்கும் குருவி, திரும்பிப் போக நேரமாகிவிட்டது என்பதை எதை வைத்து அறியும்? உடம்புக்குள்ளேயே ஒரு வருடக் கடிகாரம் இருக்கிறது. ஜெர்மனியில் எபர்ஹார்ட் குவின்னர் என்ற ஆய்வாளர், வலசை போகும் சின்னக் குருவிகளை வெளியுலகம் தெரியாமல், பகல் பன்னிரண்டு இரவு பன்னிரண்டு மணி என்று மாறாத வெளிச்சத்தில் வருடக் கணக்கில் வளர்த்தார். அப்படியும் அவை ஏறத்தாழ வருடத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் இறகு உதிர்த்தன, கொழுப்புச் சேர்த்தன, பயண காலம் வந்ததும் இரவில் கூட்டுக்குள் நிம்மதியில்லாமல் சிறகடித்தன. வெளியிலிருந்து யாரும் எதுவும் சொல்லாமலே உள்ளுக்குள் ஆண்டு ஓடிக்கொண்டிருக்கிறது. பகல் நீளம் அந்தக் கடிகாரத்தைச் சரிப்படுத்தி வைக்கிறது.

கொழுப்பு என்றேனே, அதுவும் முக்கியம். புறப்படுவதற்கு முந்திய வாரங்களில் வலசைக் குருவிகள் அளவுக்கு மிஞ்சித் தின்னும். தோலுக்கடியில், வயிற்றிலும் நெஞ்சுக் குழியிலும், மஞ்சளாகக் கொழுப்புத் திரளும். நீண்ட கடலைக் கடக்கும் சில சின்னக் குருவிகள் எடை கிட்டத்தட்ட இரட்டிப்பாகும் வரைக்கும் தின்கின்றன. நமது பங்குனி, சித்திரை நாட்களில் ஆறுமணிக் குருவி ஓயாமல் சருகு கிளறுவது அந்தப் பயணத்துக்கான தயாரிப்பு.

பறப்பது இரவில். பகலில் கீழே இறங்கித் தின்று களைப்பாறி, இருட்டியதும் எழும்பும். இரவில் காற்று குளிர்மையாக, குழப்பமில்லாமல் இருக்கும், பருந்தின் தொல்லை இல்லை, உடம்பும் சூடேறாது. ஆனால் இருட்டில் திசை எப்படிப் பிடிபடுகிறது?

இதற்கு விடை தேடிய சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது 1960களில் அமெரிக்காவில் ஸ்டீவன் எம்லன் செய்தது. அவரும் அவர் தகப்பனாரும் சேர்ந்து ஒரு எளிய கூடு செய்தார்கள். அடியில் மைத் தட்டு, சுற்றிவர மை ஒற்றும் தாளைக் கூம்பாகச் சுருட்டி வைத்த சுவர், மேலே வலை. உள்ளே பயண காலத்தில் இருக்கும் ஒரு சின்ன நீலக் குருவி. அது எந்தப் பக்கம் போக ஆசைப்படுகிறதோ அந்தப் பக்கத்துத் தாளில் தாவித் தாவி விழும், மை பட்ட காலடி அங்கே பதியும். காலையில் தாளை விரித்துப் பார்த்தால் இரவு முழுக்கக் குருவி நினைத்த திசை கறுப்பாகத் தெரியும். இந்தக் கூட்டைக் கோளரங்கத்துக்குள் கொண்டுபோய், கூரையில் நட்சத்திரங்களைக் காட்டினார் எம்லன். வானத்தைத் திருப்பிப் போட்டால் காலடியும் திரும்பியது. குஞ்சிலேயே எடுத்து வளர்த்த குருவிகளுக்கு, துருவ நட்சத்திரத்துக்குப் பதிலாகத் திருவாதிரையை நடுவில் வைத்துச் சுழலும் பொய் வானத்தைக் காட்டியபோது, அவை திருவாதிரை இருக்கும் பக்கம்தான் வடக்கு என்று எடுத்துக்கொண்டன. அதாவது குருவிக்கு நட்சத்திரப் படம் பிறப்பில் வருவதில்லை. வானத்தில் எந்த இடம் சுழலாமல் நிற்கிறது என்று குஞ்சுக் காலத்தில் பார்த்துப் பழகுகிறது. நம் கடற்றொழிலாளர் வெள்ளி பார்த்து வள்ளம் விடுவது போலத்தான், இதில் பழக்கிவிட யாரும் பக்கத்தில் இல்லை.

மேகம் மூடிவிட்டால்? அதற்கு இன்னொரு திசைகாட்டி இருக்கிறது, பூமியின் காந்தப்புலம். 1960களில் ஜெர்மனியின் பிராங்பேர்ட்டில் வொல்ஃப்காங் வில்ட்ஷ்கோ, ஐரோப்பிய ரொபின் குருவிகளைச் சுற்றி மின்சுருள் வைத்துக் காந்தப்புலத்தைத் திருப்பிக் காட்டினார், குருவிகள் தாவும் திசையும் அதோடு திரும்பியது. வானமே தெரியாத அறைக்குள் நடந்த சோதனை அது. இதோடு சூரியன் மறையும் இடத்தையும் பல பறவைகள் பயன்படுத்துகின்றன. ஒன்று கைவிட்டால் மற்றது இருக்கும்.

திசை தெரிந்தால் மட்டும் போதுமா என்பது வேறு விடயம். ஏ. சி. பெர்டெக் என்ற டச்சுக்காரர் 1950களில் நெதர்லாந்தில் பயணத்தில் இருந்த 11,000க்கு மேற்பட்ட ஸ்டார்லிங் என்ற மைனாச் சாதிப் பறவைகளைப் பிடித்து, வளையம் போட்டு, விமானத்தில் சுவிற்சர்லாந்துக்குக் கொண்டுபோய் விட்டார். முன்பு போய் வந்த பெரிய பறவைகள் இடம் மாறிவிட்டதை உணர்ந்து வடமேற்காகத் திரும்பி வழக்கமான இடத்தை நோக்கிப் போயின. முதல் பயணத்தில் இருந்த இளசுகளோ பழைய திசையிலேயே, பழைய தூரத்துக்கே பறந்து, பிரான்சிலும் ஸ்பெயினிலும் போய் இறங்கின. எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்பது பிறப்பிலேயே இருக்கிறது. இடத்தைத் தெரிந்து போவது அனுபவத்தில் வருகிறது. இரவில் தனித்துப் பறக்கும் பல குருவிகளில் குஞ்சுகள் தாய் தகப்பனோடு சேர்ந்து வருவதில்லை. முதல் தடவை வரும் இளங்குருவி, தான் ஒருபோதும் காணாத ஊருக்கு, யாரும் கூட்டிவராமல் வருகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மயிர்க்கூச்செறியும்.

இலங்கைக்கு வரும் பாதைகளை மூன்றாகச் சொல்வார்கள். இந்தியாவின் மேற்குக் கரையோரமாக வந்து இலங்கையின் வடமேற்கில் இறங்குவது ஒன்று, கிழக்குக் கரையோரமாக வந்து வடகிழக்குப் பக்கம் சேர்வது ஒன்று, அந்தமான் தீவுகள் பக்கமிருந்து பெருங்கடலைக் கடந்து வருவது மற்றது. ஆறுமணிக் குருவிக்கு இந்தியக் கரையிலிருந்து கடைசிக் கடல் பெரிதல்ல. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் ஏறத்தாழ 30 கிலோமீற்றர், கோடியக்கரையிலிருந்து யாழ்ப்பாணக் கரைக்கு 50, 60 கிலோமீற்றர். அந்தக் கோடியக்கரையில்தான் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல காலமாகப் பறவைகளைப் பிடித்து வளையம் போட்டு விடுகிறது. வளையம் போடும் யோசனை டென்மார்க்கில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியருடையது. 1899இல் ஹான்ஸ் மோர்டென்சன் என்பவர் எண் பொறித்த அலுமினிய வளையங்களை ஸ்டார்லிங் கால்களில் மாட்டிவிட்டார். வளையத்தோடு ஒரு பறவை வேறெங்காவது அகப்பட்டால் அது போன வழி தெரிந்துவிடும். தெற்கே இரை தின்று வடமலைக்குத் திரும்பும் பறவையைக் கூப்பிட்டுத் தூது சொன்ன பழந்தமிழ்ப் புலவர்களுக்கும் போக்குவரத்துத் தெரிந்துதான் இருந்தது, எந்தப் பறவை எங்கே போகிறது என்ற விபரம்தான் வளையத்தால் வந்தது.

வந்து சேர்ந்த பிறகு ஆறுமணிக் குருவி தனிக்கட்டை. சோடி சேராது, கூட்டமாகத் திரியாது. ஒரு துண்டு நிலத்தை எடுத்துக்கொண்டு, இது என்னுடையது என்று அயலுக்கு அறிவிக்கும். நாம் கேட்கும் காலை மாலை விசில் அந்த அறிவிப்புத்தான். அடுத்த வளவிலிருந்து வரும் பதில் அங்கிருக்கும் குருவியின் அறிவிப்பு. பாட்டுக் கச்சேரி மாதிரி நமக்குக் கேட்டாலும் உள்ளே நடப்பது எல்லை வழக்கு. நல்ல சருகு நிலம் கிடைத்த குருவி சித்திரை வரைக்கும் அதை விடாது.

கத்துவதிலும் ஒரு விசேஷம் இருக்கிறது. நாம் காலையில் கேட்கும் பாட்டுக் குருவிகளில் பெரும்பாலானவை பாட்டைப் படித்துத்தான் பாடுகின்றன, குஞ்சாக இருக்கும்போது பெரியதுகள் பாடுவதைக் கேட்டுப் பழகி. ஆறுமணிக் குருவி சேர்ந்த பறவைக் குடும்பம் வேறு. அந்தக் குடும்பத்திலும் அதன் உறவுகளிலும் ஆய்ந்து பார்த்த பறவைகளில் பெரும்பாலானவற்றுக்குக் குரல் பிறப்பிலேயே வந்துவிடுகிறது, யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். குரல்பெட்டியின் தசைகளும் எளிமையானவை. அதனால்தான் இரண்டே சுரம், வருடம் தவறாமல் அதே இரண்டு சுரம். சிங்கள மக்கள் இதை அவிச்சியா என்பார்கள். அவர்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு: மயிலின் தோகை முதலில் இந்தக் குருவியுடையதாம், குளிக்கும்போது மயில் களவாடிக்கொண்டு போய்விட்டதாம், அதைச் சொல்லித்தான் காலையும் மாலையும் முறையிடுகிறதாம்.

மயில் என்றதும் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வளவில் விழுந்து கிடக்கும் மயிலிறகை எடுத்து, வெயிலுக்கு எதிரே பிடித்து, அதற்குள்ளால் வெளிச்சம் வரும்படி பாருங்கள். நீலமும் பச்சையும் போய், மண்ணிறம்தான் தெரியும். பறவைகளில் நீலம் பெரும்பாலும் சாயமல்ல. இறகுக்குள் இருக்கும் மிக நுண்ணிய அமைப்பு வெளிச்சத்தில் நீலத்தை மட்டும் திருப்பி அனுப்புகிறது. சிவப்பும் மஞ்சளும் வேறு கதை, அவை பெரும்பாலும் இறகில் படியும் சாயங்கள். ஆறுமணிக் குருவியின் தோள் நீலம் நிழலில் மங்கியும், ஒரு வெயில் துண்டு பட்டதும் பளீரென்றும் தெரிவதன் காரணம் அந்த அமைப்புத்தான்.

எல்லாக் குருவியும் இப்படி முழுமையாக ஊர் மாறுவதில்லை. இதை விளங்கிக்கொள்ள நம்மூரில் அருமையான உதாரணம் அரசவால் ஈப்பிடிப்பான், அந்த நீண்ட ரிப்பன் வால் குருவி. கறுப்புத் தலை, செங்கபில உடம்போடு சில நம் காடுகளில் வருடம் முழுக்க இருக்கின்றன, இங்கேயே கூடு கட்டுகின்றன. மாரி காலத்தில் இந்தியாவிலிருந்து அதே இனத்தின் இன்னொரு கிளை வந்து சேரும், அதில் வயது முதிர்ந்த ஆண் தூய வெள்ளை உடம்போடு இருக்கும். இங்கேயே பிறந்து வளரும் ஆண் எத்தனை வயதானாலும் வெள்ளையாவதில்லை. ஆகவே கன்னியா வெந்நீரூற்றுப் பக்கத்துக் காட்டில் வெள்ளை வாலை இழுத்துக்கொண்டு பறக்கும் ஒன்றைக் கண்டால் அது கடல் கடந்து வந்தது என்று துணிந்து சொல்லலாம். ஒரே இனம், ஒன்று குடியிருப்பு, மற்றது பயணி.

ஆறுமணிக் குருவியைத் தேட அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. மர நிழலும் கூட்டாத சருகும் இருந்தால் வீட்டுப் பின்வளவு போதும். தம்பலகாமம், கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துப் பழைய வளவுகள், கந்தளாய்க் குளத்தை ஒட்டிய காடு, கோணேசர் கோயிலுக்குக் கோட்டைக்குள்ளால் ஏறும் வழியில் மான்கள் மேயும் பக்கத்து மரநிழல், இங்கெல்லாம் விடியப்புறம் காது கொடுத்துப் பாருங்கள்.

இதில் நம் பங்கு ஒன்று இருக்கிறது, அதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் ஆக்கள் வளவு கூட்டுவதில் கெட்டிக்காரர். ஒரு இலை கிடக்க விடமாட்டோம், கூட்டிக் குவித்து நெருப்பு வைத்துவிடுவோம். முற்றத்தைக் கூட்டுங்கள், வேண்டாமென்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆனால் வேலியோரம், கிணற்றடிக்குப் பின்பக்கம், மாமரத்தின் கீழ், ஒரு மூலையில் சருகை அப்படியே விட்டுவிடுங்கள். அந்தச் சருகு ஊறினால்தான் கறையானும் மண்புழுவும் நத்தையும். உயிர் வேலியை வெட்டிவிட்டு மதில் கட்டி, வளவு முழுக்கச் சீமெந்துக் கல் பதித்தால் 2,400 கிலோமீற்றர் பறந்து வந்த குருவிக்குத் தின்ன ஒன்றுமில்லை. பூச்சிமருந்தும் அப்படித்தான். வீட்டில் பூனை இருந்தால் விடியற்காலையிலும் பொழுதுபடும் நேரத்திலும் உள்ளே வைத்திருங்கள். தரையில் நிற்கும் குருவிக்குப் பூனையை விடப் பெரிய எதிரி வளவில் வேறில்லை.

ஒக்டோபரிலும் ஏப்ரலிலும் இரவில் விளக்கு எரியும் வீட்டுக்குள், விறாந்தைக்குள், சில நேரம் கடைக்குள்ளும் இது வந்து விழுவதுண்டு. இரவில் பறக்கும் பறவைகளை வெளிச்சம் இழுத்துவிடும், கண்ணாடியில் மோதிக்கொள்ளும், களைத்தும் விழும். கண்டால் பதற வேண்டாம். ஒரு காட்போட் பெட்டியில் நாலைந்து துளை போட்டு, அடியில் துணி விரித்து, மெதுவாக எடுத்து உள்ளே விட்டு மூடிவிடுங்கள். இருட்டும் அமைதியும்தான் மருந்து. சொண்டைத் திறந்து தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சோறும் பாலும் வேண்டவே வேண்டாம். சில மணித்தியாலத்தில் பெட்டிக்குள் தத்தும் சத்தம் கேட்டால், விடிந்ததும் செடி அடர்ந்த இடத்தில் பெட்டியைத் திறந்து வைத்து விலகி நில்லுங்கள், தானாகப் போகும். சிறகு தொங்கினால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். அழகாக இருக்கிறதென்று கூட்டில் போட்டு வைத்திருக்க வேண்டாம், அது சட்டப்படி குற்றம், பூச்சி தின்னும் குருவி கூட்டில் அதிக நாள் பிழைக்கவும் மாட்டாது.

உலக அளவில் இந்தக் குருவி அழிவை நெருங்கும் பட்டியலில் இல்லை. ஆனால் இரண்டு நாட்டிலும் காடும் சருகும் இருக்க வேண்டும், நடுவில் இறங்கிக் களைப்பாற இடங்களும் இருக்க வேண்டும், இதில் எது போனாலும் கணக்குப் பிழைத்துவிடும். எந்த ஊரில் எந்த நாள் வந்தது, எந்த நாள் போனது என்ற விபரம் பல வருடத்துக்குச் சேர்ந்தால்தான் மாற்றம் எதுவும் தெரியவரும். அதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. ஐப்பசியில் முதல் விசில் கேட்ட நாளையும் இடத்தையும் கலண்டரில் குறித்து வையுங்கள், சித்திரையில் கடைசியாகக் கேட்ட நாளையும் குறியுங்கள். கையில் போன் இருந்தால் பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்ட் (eBird) செயலியில் போடலாம், உலகத்தில் யாரும் அதைப் பார்க்கலாம். இன்னும் ஆர்வமிருந்தால் கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இயங்கும் இலங்கைக் களப் பறவையியல் குழு இருக்கிறது, இலங்கைப் பறவைக் கழகம் இருக்கிறது. கேட்டது ஆறுமணிக் குருவியா என்று சந்தேகம் வந்தால், சத்தத்தைப் பதிந்து இன்னொருவருக்கு அனுப்பிக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.